நிழலை அளந்தால் உலகம் தெரியும்!

மும்பைத் தமிழ் மாணவர்கள் செய்து பார்த்த சோதனை

"பிள்ளைகளுக்கு உலக அறிவு வேண்டும்." இந்த வார்த்தையைக் கேட்காத மேடை இல்லை. பள்ளி ஆண்டு விழாவாகட்டும், சங்கத்தின் பரிசளிப்பு விழாவாகட்டும், தலைமை தாங்குபவர் இதைச் சொல்லாமல் உட்காருவதில்லை. கைதட்டலும் தாராளமாகக் கிடைக்கும்.

உலக அறிவு என்றால் என்ன? எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த நாட்டில் எந்த நாணயம் செல்லும் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பதா? அதற்கு இன்று ஒரு கைப்பேசி போதும். வெளிநாட்டுக்குப் போய் வருவதா? அப்படியானால் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் கோவண்டியிலும் இருக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த அறிவு கிடைக்கவே கிடைக்காது என்றாகிவிடும்.

தாராவிப் பகுதியில் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவிகள் கடந்த குடியரசு தினத்தன்று ஒரு காரியம் செய்தார்கள். ஒரு குச்சி, ஒரு அளவு நாடா, ஒரு கைப்பேசி, இவ்வளவுதான் செலவு. அதைக் கொண்டு இந்த பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்கள். முதல் முறை கணக்கு தவறியது. இரண்டாம் முறை ஏறத்தாழ சரியாக வந்தது. உலக அறிவு என்பது எது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பிள்ளைகளைக் காட்டலாம் என்று தோன்றுவதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

வாய் திறக்காத மாணவி

மும்பையில் தமிழ்ப் பிள்ளைகள் படும் பாடு வாசகர்களுக்குத் தெரியாததல்ல. மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளியில் ஆரம்பக் கல்வி. அதன் பிறகு பல பிள்ளைகள் ஆங்கிலத்துக்கோ, இந்திக்கோ, மராத்திக்கோ மாறியாக வேண்டும். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் மும்பை இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். நேற்று வரை வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கிய பிள்ளை, மொழி மாறியதும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது. தெரியாததால் அல்ல, தெரிந்ததைச் சொல்ல வார்த்தை கிடைக்காததால்.

அந்தப் பள்ளியிலும் அப்படி ஒரு மாணவி. ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். தந்தை கொத்தனார். தாய் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுப்பவர். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். "ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியதிலிருந்து தீபாவளி வரை அந்தப் பெண்ணின் குரலையே நான் கேட்டதில்லை" என்றார் கணக்கு ஆசிரியை.

தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போய் வந்த பிறகு ஒரு நாள் அவளே எழுந்து கேட்டாளாம். பாதி இந்தி, பாதி தமிழ். "டீச்சர், எங்க ஊர்ல உச்சி வேளையில நிழல் குட்டையா கிடக்கு. இங்க நீளமா விழுது. ஏன்?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. எவ்வளவு குட்டை? அளந்தாயா?" என்று கேட்டார். அளக்கவில்லை. "அப்படியானால் அளப்போம்" என்றார். அங்கேதான் எல்லாம் ஆரம்பமானது.

கிணற்றுக்குள் விழுந்த வெயில்

இதே கேள்வியை இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர் பெயர் எரடோஸ்தனிஸ். இன்றைய லிபியாவில் உள்ள சிரீன் என்ற ஊரில் பிறந்த கிரேக்கர். எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் இருந்த புகழ்பெற்ற நூலகத்தின் தலைவர்.

எகிப்தின் தெற்கே சயீன் என்று ஒரு ஊர். இன்று அதன் பெயர் அஸ்வான். ஆண்டின் மிக நீண்ட பகலன்று, உச்சி வேளையில், அங்கே சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். கிணற்றின் அடி வரை வெயில் விழும் என்று சொல்வார்கள். அதே நாள், அதே உச்சி வேளையில், வடக்கே அலெக்சாண்டிரியாவில் நட்ட கம்பத்துக்கு நிழல் இருந்தது. அந்த நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு.

பூமி தட்டையாக இருந்தால், வெகு தொலைவிலிருந்து வரும் சூரிய ஒளியில் இரண்டு ஊரிலும் நிழல் ஒன்று போலவே இருக்க வேண்டும். வேறுபடுகிறது என்றால் நடுவில் நிலம் வளைகிறது. வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வளைவுக்கு இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரம் 5,000 ஸ்டேடியா. ஆகவே முழு வட்டமும் அதைப்போல் ஐம்பது மடங்கு, அதாவது 2,50,000 ஸ்டேடியா. அந்தக் கால ஸ்டேடியா இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முறை சரியானது. அவர் உலகத்தைச் சுற்றி வரவில்லை. இரண்டு ஊர்களின் நிழலை ஒப்பிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கதையை ஆசிரியை சொல்லி முடித்ததும், "நமக்கும் இரண்டு ஊர் வேண்டுமே?" என்றான் ஒரு பையன்.

இரண்டு ஊர் யாருக்கு இருக்கிறது? தலைமுறை தலைமுறையாக மும்பையிலேயே வாழும் பிள்ளைக்கு ஒரு ஊர்தான். நம் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு ஊர்! பாளையங்கோட்டையில் அந்த மாணவியின் பெரியம்மா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எந்த ஊர்த் தொடர்பால் இவள் வகுப்பில் அந்நியமாக இருந்தாளோ, அதே தொடர்பு இப்போது வகுப்புக்கே தேவைப்பட்டது.

நாள் குறிப்பது எளிதல்ல

எந்த நாளில் அளப்பது? இதிலேயே பிள்ளைகள் நிறையக் கற்றார்கள். மும்பையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தான பொருளுக்கு நிழலே விழாத நாள் ஆண்டில் இரு முறை வருகிறது. மே 15, 16 வாக்கில் ஒரு முறை. ஜூலை 27, 28 வாக்கில் ஒரு முறை. மே மாதம் பள்ளி விடுமுறை. பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். ஜூலையில் மும்பை வானத்தில் சூரியனைத் தேட வேண்டியதுதான்.

ஐப்பசி கார்த்திகையில் இங்கே வானம் தெளிவு. ஆனால் நெல்லைச் சீமையில் அடைமழை. இங்கே மழை பெய்யும் மாதங்கள் வேறு, அங்கே பெய்யும் மாதங்கள் வேறு. ஏன் அப்படி என்று இரண்டு பருவக்காற்றுகளையும் ஒரு பாடமாகப் படித்தார்கள். கடைசியில் இரண்டு ஊரிலும் வெயில் நம்பிக்கையாக அடிப்பது தை, மாசிதான் என்று முடிவாயிற்று. நிழலில்லாத நாளாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே நாளில் இரண்டு ஊரிலும் அவரவர் உச்சி வேளையில் அளந்தால் போதும். கோணங்களைக் கழித்தால் விடை வந்துவிடும்.

ஜனவரி 26 என்று குறித்தார்கள். கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். அன்று பாடமும் இல்லை.

முதல் கணக்கு தவறியது

எங்கள் சந்துகளில் வெயில் தரையைத் தொடுவது அபூர்வம். ஆகவே பள்ளியின் மொட்டை மாடி. பழைய பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி, தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரம் இருக்கும்படி ஒரு குச்சியை நட்டார்கள். பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றேகால் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீசால் புள்ளி வைத்தார்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் உண்மையான உச்சி வேளை. அப்போது நிழல் நேர் வடக்கைக் காட்டும்.

பாளையங்கோட்டையில் அக்காள் தன் வீட்டு மொட்டை மாடியில் இதே வேலையைச் செய்தாள். கைப்பேசியில் அவள் குரல்: "ஏட்டி, இங்க அம்பத்திரண்டு சென்டிமீட்டர். உங்களுக்கு எவ்வளவு?"

இங்கே 75 சென்டிமீட்டர்.

முக்கோணவியல் அட்டவணையைப் பார்த்தார்கள். மும்பைக் கோணம் 36.9 பாகை, பாளையங்கோட்டைக் கோணம் 27.5 பாகை, வித்தியாசம் 9.4.

அடுத்து தூரம் வேண்டும். ரயில்வேயில் குமாஸ்தா என்பதால் என்னிடம் ஓடி வந்தார்கள். "மாமா, தாதரிலிருந்து திருநெல்வேலி எத்தனை கிலோமீட்டர்?" ரயில் தூரம் இந்தக் கணக்குக்கு உதவாது என்றேன். ரயில் மலையைச் சுற்றும். ஆற்றைக் கடக்க வசதியான இடம் பார்த்து வளையும். பெரிய ஊர்களைத் தொட்டுப் போகும். வேண்டியது நேர் வடக்கு தெற்கு தூரம். மும்பையின் அட்சக்கோட்டுக்கும் நெல்லையின் அட்சக்கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வரைபட அளவுகோலால் அளந்தார்கள். சுமார் 1,145 கிலோமீட்டர் வந்தது.

கணக்குப் போட்டால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 43,850 கிலோமீட்டர். துருவங்கள் வழியாக அளந்த உண்மையான சுற்றளவு 40,008. கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர் அதிகம்!

கொத்தனாரின் தூக்குக்குண்டு

இந்த இடத்தில்தான் ஆசிரியையைப் பாராட்ட வேண்டும். "பரவாயில்லை, பக்கத்தில் வந்துவிட்டது" என்று சொல்லி அவர் நோட்டை மூடவில்லை. விடையைத் திருத்தி எழுதவும் விடவில்லை. "எங்கே தவறு நடந்திருக்கும்? காரணம் சொல்லுங்கள்" என்றார்.

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அக்காள் அளந்ததில்தான் தவறு என்று ஒரு கட்சி. வரைபடத் தூரம் தவறு என்று ஒரு கட்சி. அக்காளைக் குறை சொன்னதும் நம் மாணவிக்குப் பொறுக்கவில்லை. பேசாத பெண் வாதாடினாள். பூமியின் சுற்றளவு 40,008 என்று வைத்துக்கொண்டு, கோண வித்தியாசம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கணக்குப் போட்டாள். பத்துப் பாகைக்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆகவே இங்கே நிழல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாக அளக்கப்பட்டிருக்கலாம், அல்லது அங்கே அதிகமாக அளக்கப்பட்டிருக்கலாம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த தந்தை ஒரே கேள்விதான் கேட்டாராம். "குச்சி தூக்கா நின்னுச்சா? யார் பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. கண் அளவில் நட்ட குச்சி அது.

மறுநாள் அவர் தம் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் மகளிடம் கொடுத்தனுப்பினார். டப்பா இருந்த இடத்தில் மாடித் தளம் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருந்தது. குச்சி சற்றே தெற்கே சாய்ந்து நின்றது. ஒரு மீட்டர் குச்சியில் இரண்டு விரற்கடை சாய்வு. அது கணக்கில் நாலாயிரம் கிலோமீட்டராக முடிந்தது! "இருபது வருஷமா இந்தக் குண்டைக் கட்டிச் செவுரு எழுப்புறேன், அண்ணாச்சி. இது பள்ளிக்கூடத்துக்குப் போவும்னு நெனச்சதில்ல" என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அளந்தார்கள். தூக்குக்குண்டு பிடித்து, ரசமட்டம் வைத்து. அக்காளும் ஊரில் ஒரு கொத்தனாரிடம் குண்டு இரவல் வாங்கிக்கொண்டாள். மும்பையில் 73 சென்டிமீட்டர். பாளையங்கோட்டையில் 48.5. கோணங்கள் 36.1, 25.9. வித்தியாசம் 10.2. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,400 கிலோமீட்டர். நூற்றுக்கு ஒன்று என்ற அளவே பிழை.

இருபது நிமிடம் எங்கே போயிற்று?

ஒரு கேள்வி தீர்ந்தால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும். பாளையங்கோட்டையில் நிழல் மிகக் குட்டையானது பன்னிரண்டரை மணிக்குச் சற்றுப் பின்னால். மும்பையில் பன்னிரண்டு ஐம்பதைத் தாண்டி. இரண்டுமே பன்னிரண்டு மணி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது நிமிடம் வித்தியாசம். கடிகாரம் தவறா, சூரியன் தவறா?

ஊருக்குப் போய் வரும் எவருக்கும் இது அனுபவத்தில் தெரிந்ததுதான். ஆனி மாதத்தில் மும்பையில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஊரில் அதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. நெல்லை மும்பைக்குக் கிழக்கே சுமார் 4.8 பாகை தள்ளி இருக்கிறது. நான்கால் பெருக்கினால் பத்தொன்பது நிமிடம். கணக்கு சரி.

இதில் ரயில்வேக்காரர்களாகிய எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு பெரிய ஊருக்கும் அதன் சூரியனே கடிகாரம். சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்காம் 1802ல் சென்னை நேரத்தைக் கணக்கிட்டார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பின்னாளில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது என்பதால் இந்திய ரயில்கள் அந்தச் சென்னை நேரத்தில்தான் ஓடின. 82.5 பாகை தீர்க்கக் கோட்டை வைத்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் 1906 ஜனவரி 1 முதல் வந்தது. ஆனால் பம்பாய் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 39 நிமிடம் பின்தங்கிய 'பம்பாய் நேரம்' இந்த நகரத்தில் 1955 வரை புழக்கத்தில் இருந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு பையன் சாக்பீஸ் புள்ளிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "அந்த முப்பத்தொன்பது நிமிஷமும் இதுக்குள்ள இருக்கா மாமா?" என்றான். இருக்கிறது! பன்னிரண்டு ஐம்பத்திரண்டில் அந்த 39 நிமிடம் அடக்கம். மீதிப் பதின்மூன்று நிமிடம், ஆண்டின் அந்தப் பருவத்தில் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்தி வருவதால் ஏற்படுவது.

சங்கிலி பிடித்து அளந்தவர்கள்

இன்னொரு மாணவி கேட்டது இன்னும் கூர்மையான கேள்வி. "வரைபடத்திலிருந்து தூரத்தை எடுத்தோம். அந்த வரைபடத்தை அளந்தது யார்?"

அதற்கும் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே, நூறு அடி இரும்புச் சங்கிலியை மறுபடி மறுபடி நீட்டி, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதற்கு 57 நாட்கள் பிடித்தன. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டி, தெற்கே குமரி முனைப் பக்கம் வரையிலும், வடக்கே இமயமலை வரையிலும் நாட்டை அளந்தார்கள். லாம்டன் வேலை முடியுமுன்பே 1823ல் நம் மகாராஷ்டிரத்தின் வார்தா மாவட்டத்தில் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறை அங்கே இருக்கிறது. அவர் தொடங்கிய அளவைப் பணியில் கணக்காளராக உயர்ந்த வங்காளி ராதாநாத் சிக்தர்தான், பிற்பாடு எவரெஸ்ட் என்று பெயரிடப்பட்ட சிகரம் உலகிலேயே உயரமானது என்று கணக்கிட்டுச் சொன்னவர்.

பரீட்சையில் கேட்பார்கள் என்று இதைப் படித்திருந்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்திருப்பார்கள். தாங்களே கேட்டுத் தேடியதால் இது அவர்களுக்கு மறக்காது.

துபாய்க்கும் ஒரு கணக்கு

இரண்டாம் முறை அளந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாணவியின் சித்தப்பா துபாயில் கட்டட வேலை செய்கிறார். ஞாயிறு அவருக்கு விடுமுறை. அவரையும் அளக்கச் சொல்லியிருந்தாள்.

மும்பையில் அளந்து முடித்ததும் அவள் தரைப்படப் புத்தகத்தைப் பார்த்தாள். துபாய் மும்பைக்கு வடக்கே சுமார் 6.1 பாகை. மும்பைக் கோணத்தோடு கூட்டினாள்: 42.2. அட்டவணையைப் பார்த்து, "சித்தப்பாவுக்கு 91 சென்டிமீட்டர் வரும்" என்று கரும்பலகையில் எழுதி வைத்தாள்.

சூரியனும் ஒரு ரயிலைப் போலத்தான். முதலில் நெல்லை, அடுத்து மும்பை, அப்புறம் துபாய். துபாயில் உச்சி வேளை வரும்போது நம் கடிகாரத்தில் மணி இரண்டைத் தாண்டிவிடும். வகுப்பே மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. தங்கியிருக்கும் முகாமின் வாசலில் ஒரு மீட்டர் பைப்பை நிறுத்தி அளந்திருந்தார். 92 சென்டிமீட்டர்!

கடல் கடந்த ஊரில் என்ன நடக்கும் என்று மும்பையில் உட்கார்ந்து ஒரு கொத்தனார் மகள் முன்கூட்டியே சொன்னாள். அது நடந்தது. உலக அறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

முன்னோடிகள் உண்டு

இப்படிக் கற்பிப்பது புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் பதினாறு கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில், செய்து பார்த்து விஞ்ஞானம் கற்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினார்கள். மனதில் எழும் எந்தக் கேள்வியையும் 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெயருக்குக் கடிதமாக எழுதலாம்; பதில் வரும். முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002ல் நிறுத்தப்பட்டது. அது கிளப்பிய சிந்தனை நிற்கவில்லை. 2005ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவான தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு படிப்பை இணைக்க வேண்டும், மனப்பாடத்திலிருந்து விலக வேண்டும் என்று எழுதியது.

நம் மும்பையிலேயே மான்கூர்டில் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் இருக்கிறது. 1974ல் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிகளின் ஏழை மாணவர்களுக்கு விஞ்ஞானம் ஏன் எட்டவில்லை என்று 1980களிலேயே ஆராய்ந்த நிறுவனம் அது. பாடப் புத்தகத்தின் கடின நடையே பெரிய தடை என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். வாய் திறக்காத நம் மாணவிகளுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பிரான்சில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் சார்பாக் 1996ல் பள்ளிகளில் ஒரு இயக்கத்தைத் தொடங்கினார். 'மாவில் கை வை' என்று பொருள்படும் பெயர். கையை நனைக்காமல் மாவு பிசைய முடியாது. அது போலத்தான் படிப்பும். எரடோஸ்தனிஸ் வழியில் பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் நிழலை அளந்து ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் திட்டமும் அந்த இயக்கத்திலிருந்து வந்ததே.

நம் அரசியல் சட்டமும் இதைச் சொல்கிறது. 1976ல் நிறைவேறிய 42வது திருத்தம் குடிமக்களின் கடமைகளில் விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் சேர்த்தது. குடியரசு தினத்தில் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு அந்தப் பிள்ளைகள் மாடி ஏறினார்களே, அவர்கள் சட்டப்படி தங்கள் கடமையைத்தான் செய்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

"இதெல்லாம் சரி, இதற்கு எஸ்.எஸ்.சி.யில் எத்தனை மார்க்?" என்று என் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மார்க் இல்லாமல் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு திறக்காது. அதை மறுப்பவர் வசதி உள்ளவராகத்தான் இருப்பார். ஆனால் கவனியுங்கள். முக்கோணவியல், அட்சரேகை, தீர்க்கரேகை, பருவக்காற்று, இந்திய வரலாறு எல்லாம் பாடத்தில் உள்ளவையே. கைடு புத்தகத்தில் தனித்தனியாகக் கிடந்ததை ஒரு குச்சி ஒன்றாகக் கட்டியது. அந்த மாணவி இப்போது கணக்கு வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருகிறாள். ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது. ஆனால் தடுமாறிக்கொண்டே பேசுகிறாள்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஊர், நான்கு மொழி என்பதை இதுவரை சுமையாகவே எண்ணி வந்தோம். மும்பைக்கும் நெல்லைக்கும், சிலருக்குத் துபாய்க்கும் சேர்த்து உறவு இருக்கிறது. ஓர் ஊரில் இருப்பதை இன்னோர் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குப் பிறவியிலேயே வந்தது. அதைக் கேள்வியாக மாற்ற ஒரு ஆசிரியையும், கேள்வியைக் கேட்டுச் சிரிக்காத ஒரு வகுப்பும், தூக்குக்குண்டைக் கொடுத்தனுப்பும் ஒரு தந்தையும் போதும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகின்றன. நல்ல காரியம். அடுத்த ஆண்டு அவற்றோடு ஒரு அளவைப் போட்டியும் வைக்கலாம். மும்பையில் ஒரு பள்ளி, தமிழ்நாட்டில் ஒரு பள்ளி. தை, மாசியில் ஒரு ஞாயிறு. ஒரு மீட்டர் குச்சி, ஒரு தூக்குக்குண்டு, ஒரு அளவு நாடா. நிழலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. செய்து பார்க்க விரும்பும் பள்ளிகள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குச்சி நேராக நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.